மைனா பேசி உடைந்த கை

தையலக்காவ மாதிரி ஒரு நல்லவளையும் நான் பாத்ததில்ல, அவள மாதிரி என் வயித்தெரிச்சலக் கிளப்புறவளையும் பாத்ததில்ல. மாடியில எங்களுக்கு அடுத்த ரூம் அவளோடது. அந்தப் பக்கம் மெஷின் ஓடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிப்போன சட்டையக் கொண்டாந்து, "நீ தச்சது பத்தல"ன்னு எவளாவது வந்து நிப்பா. அக்கா வாயத் தொறக்காம வாங்கிப் பிரிச்சு, மடிப்புல விட்டு வெச்ச துணிய இழுத்து அகலமாக்கிக் குடுப்பா. "ஏன்க்கா, அவ ஊறப்போட்டுக் கெடுத்ததுக்கு நீ என்ன பண்ணுவ?"ன்னு நான் கத்தினா, "போனாப் போவுது விடு, என் கை பட்ட துணிதானே"ம்பா. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்.

கல்யாணம் பண்ணிக்கல. அப்பா அம்மா சீக்கிரமே போயிட, தம்பியையும் தங்கச்சியையும் அந்த மெஷின மிதிச்சே ஆளாக்கினா. பள்ளிக்கூட யூனிஃபார்மா தச்சுத் தள்ளினா. இப்ப ரெண்டு பேரும் வெளியூர்ல நல்லா இருக்காங்க. ஃபோன் பண்ணுவாங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஒருநாள் ஜன்னலுக்கு மேல இருந்த கூட்டுலேர்ந்து ஒரு மைனாக் குஞ்சு அக்காவோட துண்டுத்துணிக் கூடையில விழுந்துச்சு. ஒரு றெக்கை ஒடிஞ்சிருந்துச்சு. அவதான் ஊட்டி வளத்தா. றெக்கை ஒட்டிக்கிச்சு, ஆனா பறக்க வரல. கூண்டு இருக்கு, பூட்டு கிடையாது. அது பாட்டுக்கு நடந்துபோய் மெஷின் மேல ஏறி உக்காந்துக்கும்.

பிரசவத்துக்கு வந்து தங்கின தங்கச்சிகிட்ட அது ஒண்ணு கத்துக்கிச்சு. "அக்கா, சாப்பிட்டியா?" அச்சு அசல் தங்கச்சி குரல். அவ குழந்தையத் தூக்கிக்கிட்டுப் போனதுக்கப்புறமும் மைனா தினம் கேக்கும். அக்கா மெஷின நிறுத்திட்டு, "இதோ சாப்பிடறேன்டா தங்கம்"னு எழுந்து போவா. ஒரு பறவை கேட்டுச்சுன்னு சாப்பிடப் போற மனுஷி. சிரிக்காதீங்க. அந்த ரூம்ல அவள அப்படிக் கேக்க வேற ஜீவன் இல்ல.

அந்த மைனா தங்கச்சி குரலோட நிறுத்தியிருந்தா இந்தக் கதையே இல்ல.

எங்க வீட்டுல குழாய்த் தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தா நாலு குடம் ரொம்புறதுக்குள்ள நின்னுடும். பின்கட்டுக் குழாய்ல முதல்ல காத்து சீறும். அந்தச் சீறலக் கேட்டதும் கீழ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா தொண்டையத் திறப்பாங்க பாருங்க, "தண்ணி வந்திருச்சு! ஓடியாங்க!" ரோட்டுல போற வண்டி பிரேக் போடும். நாங்க எல்லாரும் கையில இருக்கிறதப் போட்டுட்டுக் குடத்தோட பாய்வோம். வெந்துக்கிட்டிருக்கிற சோத்த விட்டுட்டு ஓடியிருக்கேன். எங்க வீட்டுக்காரர், அதான் என் புருஷன், தூக்கத்துலயே படி இறங்கியிருக்கார்.

அன்னிக்கு லீவு நாள். வீட்டுக்காரம்மா காலையிலயே பூட்டிக்கிட்டு அவங்க தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. போறப்ப எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாங்க. அக்காவும் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தா. மத்தியானம் எல்லாரும் கண்ண மூடுற நேரம், "தண்ணி வந்திருச்சு! ஓடியாங்க!"

ஓடினோம். அந்தம்மாதான் வீட்டுல இல்லியேன்னு ஒருத்தருக்காவது தோணணுமே? தோணல. நான், எங்க வீட்டுக்காரர், கீழ் ரூம் வக்கீல் குமாஸ்தா எல்லாரும் குடமும் கையுமா குழாயடிக்குப் போய் நிக்கிறோம். குழாய் வறண்டு கிடக்கு. அப்பத்தான் மாடிப் படியில தடதடன்னு ஒரு சத்தம், அதத் தொடந்து "ஐயோ அம்மா!"

எதிர் ரூம் சலூன்காரர். என்ன ஆச்சுன்னா, அவர் தலைக்கு மை போட்டுக்கிட்டிருந்திருக்கார். அத்தன வருஷமா, "எங்க வம்சத்துக்கே நரை கிடையாதுங்க"ன்னு கடையில பெருமை பேசின மனுஷன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச கதை. பொண்டாட்டி மக வீட்டுக்குப் போயிருக்கிற தைரியத்துல பட்டப்பகல்ல ஆரம்பிச்சு, பாதித் தலை முடிஞ்சதும் அலச வாளியில தண்ணி இல்லன்னு தெரிஞ்சிருக்கு. என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டிருக்கிறப்பதான் அந்தக் குரல். தெய்வமே கூப்பிட்ட மாதிரி ஓடி வந்து, கடைசிப் படியில சறுக்கி, வலது கைய ஊணி விழுந்துட்டார். மணிக்கட்டும் கட்டை விரலும் போச்சு.

ஆஸ்பத்திரியில அந்த நர்ஸுப் பொண்ணு அவர் தலையப் பாத்துட்டுக் கட்டுப்போடவே மறந்து நின்னுட்டா. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் வெள்ளை. வலியிலயும் அந்த மனுஷன், "தலைக்கு ஒரு துண்டு குடும்மா"ன்னுதான் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா திரும்பி வந்ததும் முற்றத்துல பஞ்சாயத்து. மைனாவோட வேலைன்னு அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நாங்க ஆஸ்பத்திரி போய் வர்றதுக்குள்ள இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கு. குமாஸ்தா இன்னொரு தடவ ஓடியிருக்கார்.

சலூன்காரர் கட்டுக்கையத் தூக்கிக் காட்டி ஆரம்பிச்சார். "இதுக்கு யாரு பொறுப்பு? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும். அம்மா, உங்க படியில கைப்பிடி இல்ல. ஈரம் வேற."

"எத்தன வருஷமா அதே படி. ஓடத் தெரியாம விழுந்துட்டுப் படி கோணல்ங்கிறியா?"

"கூப்பிட்டது உங்க குரல்!"

"என் குரல்தான், நான் இல்லியே! நான் தம்பி வீட்டுல சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."

"நீங்க தினம் அப்படிக் கத்தலைன்னா அது எங்கேர்ந்து கத்துக்கும்?"

வீட்டுக்காரம்மா உடனே குமாஸ்தா பக்கம் திரும்பினாங்க. "ஏன்யா, கோர்ட்டுல இருக்கிறவன் நீ. சட்டம் என்ன சொல்லுது?"

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியத் துடைச்சார். "வளக்கிற பிராணி கடிச்சா, முட்டித் தள்ளினா, அதெல்லாம் கேஸு வந்து பாத்திருக்கேன். பேசித் தள்ளினதா இதுவரைக்கும் வரல."

நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "சரிண்ணே, மத்தியான வேளையில தலைக்கு மை போடச் சொன்னது மைனாவா?"ன்னு கேட்டுட்டேன். அவர் என்ன எரிச்சுடுற மாதிரி பாத்தார்.

அதுவரைக்கும் படியில உக்காந்திருந்த அக்கா எழுந்து வந்தா. முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. "யாரும் சண்ட போடாதீங்க. மைனா என்னுது. அது பேசினா நான் பேசின மாதிரி."

"அப்ப அத வெளிய விட்டுடு,"ன்னார் சலூன்காரர். "எங்கயாவது போய்க் கத்தட்டும்."

"அதுக்குப் பறக்க வராதுண்ணே. பொழுது சாயறதுக்குள்ள பூனை தின்னுடும்."

அவர் கட்டுக்கையக் கீழ இறக்கினார். வேற குரல்ல பேசினார். "என் கடைக்கு எதிர்லயே ஏசி போட்டு ஒருத்தன் சலூன் திறந்து வெச்சிருக்கான். கை கூடுற வரைக்கும் நான் பூட்டி வெச்சா, வர்றவன் எல்லாம் அங்க போயிடுவான். போனவன் திரும்ப மாட்டான். நான் எங்க போவேன்?" கேலி பண்ணின எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அக்கா சொன்னா, "கடையப் பூட்ட வேணாம். நான் வந்து வெட்டறேன்."

"என்னத்த?"

"முடிய. கத்தரி புடிச்ச கைதானே."

வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறதுன்னா இதுதான். அக்காவ உள்ள இழுத்துக்கிட்டுப் போயிடலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள வீட்டுக்காரம்மா தீர்ப்பே சொல்லிட்டாங்க. "சரி. இவன் கை தேறி பழையபடி கத்தரி புடிக்கிற வரைக்கும் கடை நடக்கணும். நடந்தா மைனா இருக்கட்டும். கடை படுத்துச்சுன்னா மைனாவும் இந்த வீட்டுல இருக்கக்கூடாது." அக்கா தலைய ஆட்டிட்டா.

நான் மருந்துக்கடைக் கல்லாவுல உக்காந்திருக்கிறவ. எங்க கடைக்கு ஒட்டினாப்புலதான் அந்தச் சலூன். ரெண்டுக்கும் நடுவுல கண்ணாடித் தடுப்புதான், அதனால நடந்தது அத்தனையும் என் கண்ணால பாத்தது.

முதல் நாள் நாற்காலியில உக்கார ஒருத்தனும் வரல. வாசல் வரைக்கும் வருவான், கழுத்துல இஞ்சி டேப்ப மாட்டிக்கிட்டு ஒரு பொம்பள நிக்கிறதப் பாப்பான், "அப்புறம் வரேண்ணே"ன்னு நழுவிடுவான். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரரக் கையப் புடிச்சு இழுத்து வந்தேன். "போய் உக்காருங்க. உங்க தலையில இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு?"

அக்கா அவர் தலைய டேப்ப வெச்சு அளந்தா. காதுலேர்ந்து காதுக்கு, நெத்தியிலேர்ந்து பிடரிக்கு. பிடரியில சாக்கட்டியால கோடு போட்டா. "இறக்கம் எவ்ளோ விடட்டும்?"னு கேட்டா பாருங்க, பெஞ்சுல உக்காந்திருந்த சலூன்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். "அம்மா தாயே, இது பாவாட இல்ல! துணின்னா ஒட்டுப் போட்டுக்கலாம், முடிய வெட்டினா வெட்டினதுதான்! சீப்ப உள்ள விடு, சீப்புக்கு மேல வெட்டு!"

அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் தலை, ஜன்னல் திரைய அடியில கத்தரிச்சு விட்ட மாதிரி வட்டமா, நேரா, ஒரு மயிர் முன்ன பின்ன இல்லாம இருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாரும் எந்த ஊர் ஸ்டைலுன்னு கேட்டாங்களாம். மனுஷன் கண்ணாடி முன்னாடி நின்னு ரசிச்சுக்கிட்டார். அதப் பாத்து ரெண்டு பேர் வந்தாங்க. அதுக்கப்புறம் மீசைக்காரர் வந்தார். அவர் அந்தத் தெருவுல பெரிய மனுஷன், அவர் எந்தக் கடையில உக்காந்தாலும் பின்னாடியே பத்துப் பேர் போவாங்க.

நாள் போகப் போக அக்கா கத்துக்கிட்டா. சவரக் கத்திய மட்டும் சலூன்காரர் தொட விடல, அது அவரோட கௌரவம். அக்காவுக்கு வேலை செய்யறப்ப வாயில குண்டூசி வெச்சுக்கிற பழக்கம். இங்க குண்டூசி இல்லியா, அதனால கிளிப்ப வெச்சுக்கிட்டா. பேச முடியாது. பேச்ச சலூன்காரர் பெஞ்சுலேர்ந்து பாத்துக்கிட்டார். அரசியல், சினிமா, யார் வீட்டு மாப்பிள்ளை எப்படி, எல்லாம் அவர் வாய். வெட்டறது அவ கை. "கிருதாவ எடு. போதும். போதும்னா கேக்கணும்! யாரு பெத்த புள்ளையோ, விடு அவன!"

மைனாவ ரூம்ல தனியா விட பயந்து அதையும் கூண்டோட கொண்டாந்து வெச்சா. ஒரே வாரத்துல "அடுத்தது யாரு?"ன்னு கத்துக்கிச்சு. அது கேக்கும், ரெண்டு பேரு ஒண்ணா எழுந்து நாற்காலிக்குச் சண்ட போடுவாங்க. சலூன்காரர் அத முறைப்பார். ஆனா மத்தியானம் டீ வந்தா, யாரும் பாக்கலன்னு நினைச்சு, பன்ன நனைச்சு அதுக்கு ஒரு துண்டு போடுவார். நான் பாத்தேன். எதிர் சலூன்ல ஏசி ஓடுற சத்தந்தான் கேட்டுச்சு, ஆள் சத்தத்தக் காணோம்.

இதுக்கு நடுவுல அக்கா தைக்கிற வேலையையும் விடல. விடியறதுக்கு முந்தியே மெஷின் ஓட ஆரம்பிச்சிடும். கண்ணுக்குக் கீழ கருவளையம். "உடம்பு என்னத்துக்கு ஆகும்?"னு நான் திட்டினா, "மைனா இருக்குல்ல, அது போதும்டி"ம்பா.

ஒன்றரை மாசத்துல கட்டுப் பிரிச்சாங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். மறுநாள் சலூன்காரர் குளிச்சு, வெளுத்த சட்ட போட்டுக்கிட்டு வந்து கத்தரிய எடுத்தார். கட்டை விரல் மடங்கல. மடக்கினா நடுங்குது. கத்தரி கீழ விழுந்துச்சு. எடுத்தார், திரும்ப விழுந்துச்சு. டாக்டர் என்னவோ, "பழகப் பழகச் சரியாயிடும்"னுதான் சொல்லியிருந்தார். ஆனா எந்தத் தலையில பழகறது? நாற்காலியில இருந்த மீசைக்காரர் ரொம்ப மரியாதையா, "பரவால்ல, இன்னிக்கு அக்காவே வெட்டட்டும்,"னார். அவருக்கு அடுத்து வந்தவனும் அதையே சொன்னான். அதுக்கடுத்தவனும்.

நாலு நாள் அப்படியே போச்சு. வாய் ஓயாம பேசற மனுஷன் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். அஞ்சாம் நாள் கடைக்கே வரல. சாயங்காலம் முற்றத்துல வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னார், "எதிர்க்கடைக்காரன் நாற்காலி கண்ணாடியெல்லாம் எடுத்துக்கறேங்கிறான். குடுத்துடலாம்னு பாக்கறேன். என் கை போச்சும்மா."

வீட்டுக்காரம்மா அக்காவப் பாத்தாங்க. பேச்சு மாறாத பொம்பள அது. அக்கா கூண்டப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான் பொறுக்காம, "கடைய அக்காவே நடத்தட்டுமே! நடந்தாப் போதும்னுதானே சொன்னீங்க!"ன்னேன்.

"நடத்தட்டும்,"னார் சலூன்காரர். "நான் என்ன பண்றது? பெஞ்சுல உக்காந்து கத சொல்றதா?"

"அவர் கடை எனக்கு வேணாம்டி. சும்மா இரு,"ன்னு அக்கா என்னத் திட்டினா. அன்னிக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்து பாத்தேன்.

மறுநாள் காலையில அவரோட ரூம் கதவத் தட்டி, "சாவியக் குடுங்கண்ணே, நீங்களும் வாங்க"ன்னு கூட்டிக்கிட்டு வந்தா. கடையத் திறந்தா. மீசைக்காரர் பேப்பரோட வந்து பெஞ்சுல உக்காந்துட்டார். அக்கா கத்தரிய எடுத்து சலூன்காரர் கையில குடுத்துட்டு, நேராப் போய் நாற்காலியில உக்காந்தா. கொண்டைய அவுத்து விட்டா. அக்காவுக்கு இடுப்புக்குக் கீழ முடி, நான் சொல்லவே இல்லியே. அவ சொத்துன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான்.

"வெட்டுங்க."

நான் கல்லாவ அப்படியே போட்டுட்டு ஓடினேன். "அக்கா! உனக்குப் பைத்தியமா?"

"ஏம்மா, நான் பொம்பள முடி வெட்டினதே இல்ல,"ன்னார் அவர்.

"நானும் ஆம்பள முடி வெட்டினதில்ல. வெட்டல?"

"கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். எந்தத் தலையில பழகறதுன்னுதானே தெரியாம இருக்கீங்க? இந்தத் தலையில பழகுங்க. என் மைனா ஒடச்ச கை."

அவர் என்னப் பாத்தார், மீசைக்காரரப் பாத்தார். யாரும் உதவிக்கு வரல. நான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன். முதல் வெட்டுக்கே கத்தரி விழுந்துச்சு. அக்கா அசையல, குனிஞ்சு எடுக்கவும் போகல. அவரே எடுத்தார். அப்புறம் கர்ரக், கர்ரக்குனு அறுக்கிற சத்தம். கத்தை கத்தையா தரையில விழுந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. அவ கண்ண மூடிக்கிட்டு, சட்டைக்கு அளவு குடுக்கிற புள்ள மாதிரி நேரா உக்காந்திருந்தா.

ரொம்ப நேரம் ஆச்சு. பாதிக்கு மேல கத்தரி விழல. விரல் கொஞ்சம் கொஞ்சமா சொன்ன பேச்சு கேக்க ஆரம்பிச்சிருக்கும் போல. அவர் நாக்கக் கடிச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துல முதல் எழுத்து எழுதற மாதிரி வெட்டினார். நடுவுல ஒரு தடவ, தன்ன மறந்து, எதிர் வீட்டு மாப்பிள்ளையப் பத்தி ஏதோ பேச ஆரம்பிச்சிட்டார். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

முடிச்சப்ப முடி கழுத்துக்கு மேல நின்னுச்சு. இடது பக்கம் நல்லா ஏறியிருந்துச்சு. அக்கா கண்ணாடியில இப்படியும் அப்படியும் பாத்தா. "காத்து வருதுண்ணே கழுத்துல. சுகமா இருக்கு,"ன்னு எழுந்தா. மீசைக்காரர் பேப்பர மடிச்சு வெச்சுட்டு வந்து அந்த நாற்காலியில உக்காந்தார். சலூன்காரர் அவர் கழுத்துல துணியக் கட்டினார். முடிச்சுப் போடறதுக்குத்தான் கொஞ்சம் நேரமாச்சு.

சாயங்காலம் மூணு பேரும் ஒண்ணா வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரம்மா முற்றத்துலயே நின்னாங்க. அக்கா தலையப் பாத்ததும் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாங்க. "அடிப்பாவி! யாருடி இப்படிப் பண்ணினது? ஒரு பக்கம் ஏறிக்கிட்டு, ஒரு பக்கம் இறங்கிக்கிட்டு!"

அக்கா எதையும் யோசிக்கல. "அவரு நல்லாத்தாம்மா வெட்டினாரு. நான்தான் நடுவுல தலைய ஆட்டிட்டேன்."

பொய். கல்லு மாதிரி உக்காந்திருந்தா, நான் பாத்தேன். வாயத் திறக்கப் போனேன், அதுக்குள்ள சலூன்காரர் முந்திக்கிட்டார்.

"இல்லம்மா. அவ தலைய அசைக்கல. கோணலா வெட்டினது நான்தான், என் கைதான்." அக்காவப் பாத்தார். "நாளைக்கு வாம்மா, நேர் பண்ணிக் குடுக்கறேன்."

வீட்டுக்காரம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "அப்ப சரி, மைனா இருக்கட்டும்"னு உள்ள போயிட்டாங்க. அக்கா கூண்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அத்தன வருஷத்துல அவ அழுது நான் பாத்ததில்ல. சலூன்காரர் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுட்டு, அவ தோள்ல ஒட்டியிருந்த முடிய ஒண்ணொண்ணாத் தட்டி விட்டார்.